கம்பம் நட்ட ஊரில் காலி செய்யப் போன நாள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் துணை வட்டாட்சியர்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். மேடையில் பேச எனக்கு வராது. பேசினால் யாரையாவது திட்டிவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். இதிலும் திட்டு இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சேலம் மாவட்டத்தில் வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவள். பட்டா எப்படி மாற்றுவது, கோப்பு எப்படி எழுதுவது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். ஒரு குடும்பத்தை அது குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் வேலையை மட்டும் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஏரிப் புறம்போக்கு, கோயில் நிலம், சாலை அகலப்படுத்துவது என்று ஏதோ ஒரு பெயரில் அந்த வேலை உங்கள் எல்லோர் தலையிலும் வந்து விழும். அன்றைக்கு உங்கள் பின்னால் போலீஸ் நிற்கும், பக்கத்தில் பொக்லைன் நிற்கும், கைபேசியில் மேலதிகாரி நிற்பார். எதிரே ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நிற்பாள். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

வீட்டுரிமை என்ற சொல்லை எனக்குச் சொன்னவர் எங்கள் பயிற்சி வகுப்பு ஆசிரியர் இல்லை. எனக்கு எதிராக வழக்காடிய நாமக்கல் வழக்கறிஞர் ஒருவர். கோயில் நிலத்தில் குடியிருந்தவர்களுக்காக என் அலுவலகத்துக்கு வந்து கத்தினார். நானும் கத்தினேன். இரண்டு பேருக்கும் தொண்டை வறண்ட பிறகு டீ சொன்னேன்.

"இவ்வளவு பேசறீங்களே, எந்தச் சட்டத்துல இருக்கு?" என்று கேட்டேன்.

"உலக நாடுங்க எல்லாம் கையெழுத்துப் போட்ட உடன்படிக்கைல இருக்குதுங்க, பதினோராவது பிரிவு. நம்ம நாடும் ஒத்துக்கிட்டதுதானுங்க" என்றார்.

டீ ஆறும்வரை விளக்கினார். நாலு சுவரும் ஒரு கூரையும் இருந்தால் அது வீடாகிவிடாது. தண்ணீர், வெளிச்சம் வேண்டும். வேலைக்குப் போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும். யார் எப்போது துரத்துவார்களோ என்ற பயம் இருக்கக் கூடாது. காலி செய்துதான் ஆக வேண்டும் என்றாலும் முதலில் உட்கார்ந்து பேச வேண்டும், அவகாசம் தர வேண்டும், மாற்று இடம் காட்ட வேண்டும். இதற்கென்று வழிகாட்டு நெறிகளும் எழுதி வைத்திருக்கிறார்களாம். இரவில் காலி செய்யாதே, மழையில் செய்யாதே, பிள்ளைகளின் பரீட்சை நேரத்தில் செய்யாதே, திருவிழா சமயத்தில் செய்யாதே.

நான் சிரித்துவிட்டேன். "நோம்பி நாள்ல காலி பண்ணக் கூடாதுன்னு வெள்ளக்காரனா எழுதுனான்?"

"வெள்ளக்காரன் மட்டும் இல்லீங்க, எல்லா ஊர்க்காரங்களும் சேந்து எழுதுனது. நோம்பி இல்லாத ஊரு எது மேடம்?"

அந்த வழக்கில் அவர் தோற்றார். ஆனால் அவர் சொன்னது என் மண்டையில் தங்கிவிட்டது. இன்றுவரை அவருக்கு நன்றி சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன். உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த நெறிகள் நம் தாலுகா அலுவலகத்தில் நேராகச் செல்லுபடியாகும் சட்டம் இல்லை. அதைக் காட்டி எந்த அதிகாரியையும் நீங்கள் பயமுறுத்த முடியாது. என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும்போது எங்கே பார்க்க வேண்டும் என்று அது காட்டும். அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜலகண்டாபுரம் பக்கம் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊர் ஏரிக்குள் ஒரு தலைமுறைக்கு மேலாக வீடு கட்டிக் குடியிருந்தார்கள். எல்லோரும் தறிப்பட்டறையிலும் செங்கல் சூளையிலும் கூலி வேலை செய்பவர்கள். ஏரியைத் தூர்வாரி நீர் பிடிக்க வேண்டும் என்று ஊரின் பெரிய காட்டுக்காரர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அவருக்கு அந்த ஏரியின் கீழே காடு என்று சொல்லும் விளைநிலம், ஊருக்குள் தறிப்பட்டறை. நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, வீடுகளை அகற்றிவிட்டு அறிக்கை தாக்கல் செய்ய எங்களுக்கு நாள் குறித்தது. ஏரி நிரம்பினால் மூழ்கும் இடம்தான் அது. தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் அந்த வழக்கறிஞர் சொன்னபடியே செய்தேன். ஏரிக்குள் போய்ப் பலமுறை உட்கார்ந்து பேசினேன். அவர்கள் தரப்பில் பேசியவள் மாராயி. அதே காட்டுக்காரரின் பட்டறையில் தறி ஓட்டுபவள். வாய் என்றால் வாய், எனக்கே சவால் விடும் வாய். கிழவர்களுக்குத் தரைத்தளம், பிள்ளைகளின் பரீட்சை முடிந்தபிறகுதான் காலி செய்வது என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டாள். ஊருக்கு வெளியே அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு ஒதுக்கினோம், சாவியும் கொடுத்தோம். நாள் குறித்தோம். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தாலுகாவிலேயே ஒழுங்காக நடக்கப்போகும் காலி செய்தல் இதுதான் என்று எனக்குள் ஒரு திமிர்கூட இருந்தது.

குறித்த நாள் காலையில் போனேன். இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். பொக்லைன், சாமான் ஏற்ற லாரிகள் எல்லாம் வந்திருந்தன. மின்வாரிய ஆட்கள் அதிகாலையிலேயே வந்து எல்லா வீட்டு இணைப்பையும் துண்டித்திருந்தார்கள். ஆனால் ஒரு வீட்டிலும் ஒரு மூட்டை கட்டியிருக்கவில்லை. பெண்கள் மஞ்சள் சேலை கட்டி வரிசையாக நின்றார்கள்.

"மாராயி, என்ன இது? சாமான் ஒண்ணும் கட்டலயா?"

"கம்பம் நட்டுட்டாங்க மேடம்."

"நட்டா நட்டுட்டுப் போகட்டும். லாரி நிக்குது, ஏத்துங்க."

"அது ஆகாதுங்க. கம்பம் நட்டுட்டா எல்லைய உட்டு வெளிய ராத் தங்கக் கூடாதுங்க. கம்பம் புடுங்குன பொறவுதான்."

நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் பக்கத்தில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. மாரியம்மனுக்கு நோம்பி சாட்டினால் கோயிலுக்கு முன்னால் மூன்று கிளை உள்ள மரக்கம்பம் நடுவார்கள். தினமும் காலையில் பெண்கள் மஞ்சள் நீரும் வேப்பிலையுமாக அதற்கு ஊற்றுவார்கள். ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துப் பிடுங்கித் தண்ணீரில் விடுவார்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதுவரை ஊரில் இருப்பவர்கள் வெளியே தங்கக் கூடாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நாங்கள் நாள் குறித்தபோது நோம்பி நாள் முடிவாகவே இல்லை. அம்மனிடம் பூக்கேட்டு, உத்தரவு வந்து, முந்தின நாள் மாலைதான் நட்டிருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "சாவி குடுத்தேனா இல்லியா?"

மாராயி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். "இந்தா இருக்குதுங்க. சாவி இருக்குது, போகத்தான் முடியாது."

"இத நான் கோர்ட்டுல போய்ச் சொல்ல முடியுமா? அம்மனா வந்து சாட்சி சொல்லும்?"

பின்னால் நின்ற ஒரு கிழவர் குரல் கொடுத்தார். "அம்மனுக்கும் ஒரு நோட்டீசு உடுங்க மேடம். ஒட்டறதுக்குக் கம்பம்தான் நட்டு வெச்சிருக்குதே."

எல்லோரும் சிரித்தார்கள். போலீஸ்காரர்கள்கூடச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்து, "மேடம், இது எல்லாம் நாடகம். நாள் இழுக்கறாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க, ஆரம்பிச்சிரலாம்" என்றார். அதே நேரத்தில் கோட்டாட்சியர் கைபேசியில் கூப்பிட்டார். "சாயங்காலம் முடிச்சாச்சுன்னு எனக்கு அறிக்கை வரணும். வரலைன்னா கோர்ட் அவமதிப்புக்கு நீங்கதான் போய் நிக்கணும்" என்று வைத்துவிட்டார்.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. கம்பம் என்பது எனக்கு மரக்கட்டை. அதனால் நானும் முதலில் நாடகம் என்றுதான் நினைத்தேன். பிறகு மாராயியின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு வாயாடி அன்றைக்குக் கெஞ்சவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. முடியாது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நின்றாள்.

நான் இடிக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். இவர்கள் அடுக்குமாடிக்குப் போகப் போவதில்லை. இடிந்த செங்கல்லுக்கு நடுவில் அடுப்பு வைத்துச் சமைப்பார்கள். பிள்ளைகளை அங்கேயே படுக்க வைப்பார்கள். ஒதுக்கிய வீடுகள் பூட்டியே கிடக்கும். நான் அறிக்கையில் 'மாற்று வீடு வழங்கப்பட்டது' என்று எழுதுவேன். அந்த வரி உண்மையாக இருக்கும். அந்த ஊரில் அத்தனை குடும்பமும் வெட்டவெளியில் கிடப்பதும் உண்மையாக இருக்கும். போய் நுழைய முடியாத நாளில் கொடுத்த வீடு, கொடுக்காத வீடுதான். அவர்கள் நம்புவது சரியா தப்பா என்று கேட்க எனக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கவில்லை. அவர்களுக்குத் தலைக்கு மேல் கூரை இருக்கிறதா என்று பார்க்கத்தான் கொடுத்தது.

சரி, திரும்பிப் போய்விடலாமா? அதுவும் முடியாது. என் இஷ்டத்துக்கு நீதிமன்ற உத்தரவைத் தள்ளிப்போட நான் யார்? தம்பிகளா, தங்கச்சிகளா, இந்த மாதிரி நேரத்தில் இரண்டு வழிதான் இருப்பதுபோலத் தெரியும். அப்போது உத்தரவு போடும் வாயை மூடிக்கொண்டு ஒரு கேள்வியாவது கேளுங்கள். நான் கேட்ட கேள்வி பெரிய அறிவாளித்தனம் இல்லை. கோபத்தில் கேட்டதுதான்.

"யாரு நட்டது இந்தக் கம்பத்த?"

"ஊருங்க" என்றாள் மாராயி.

"ஊருன்னா யாரு?"

"பெரிய காட்டுக்காரருதானுங்க மொதக் காப்புக் கட்டுனாரு."

வழக்குப் போட்டவர் அவர். கம்பம் நட்டவரும் அவர். ஒரு கையால் போகச் சொல்கிறார், இன்னொரு கையால் போகக் கூடாது என்கிறார். இரண்டுக்கும் நடுவில் நான் எதற்கு நிற்க வேண்டும்?

இன்ஸ்பெக்டரிடம் பொக்லைனை நிறுத்தச் சொன்னேன். "எழுத்துல குடுங்க மேடம்" என்றார். ஜீப்பின் முகப்பில் வைத்து எழுதிக் கொடுத்தேன். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நானும் கம்பம் நடற ஊருதான் மேடம்" என்றார் மெதுவாக. அதுவரை நாடகம் என்று சொன்ன மனிதர். அவருக்கும் என் நன்றி.

கோயிலுக்குப் போனேன். பெரிய காட்டுக்காரர் மஞ்சள் வேட்டியில், கையில் காப்போடு நின்றிருந்தார்.

"வாங்கம்மா, வேல ஆரம்பிச்சாச்சுங்களா?"

"ஆரம்பிக்கணும். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. ஏரி இந்த ஊரு எல்லைக்குள்ள இருக்குதா, வெளிய இருக்குதா?"

"இதென்னங்க கேள்வி? நம்மூரு ஏரி. அதுக்குத்தான கேசு போட்டதே."

"அப்ப ஏரிக்குள்ள குடியிருக்கறவங்க கம்பத்துக்குக் கட்டுப்பட்டவங்களா, இல்லியா?"

அவர் கையிலிருந்த காப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அவங்க பொழைக்க வந்து குடியேறுனவங்கம்மா. அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீங்க" என்றார்.

அப்போது கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு அவர் மனைவி குடத்தோடு எங்கள் பக்கம் வந்தார். "ஏனுங்க, காலைல இருந்து பாக்குறேன், ஏரிக்காரப் பொம்பளைக ஒருத்தியக் காணம். மாராயி வருசா வருசம் மொத ஆளா வருவாளே?"

"வீட்டு முன்னால மெஷின் நிக்குதும்மா. அவ எப்படி வருவா?" என்றேன்.

அந்த அம்மா குடத்தை இறக்கி வைத்தார். புருஷனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் என் பணிக்காலத்தில் ஒரு கலெக்டரிடம்கூட அப்படி ஒரு பார்வை வாங்கியதில்லை.

"நோம்பி சாட்டிப்போட்டு, எல்லைக்குள்ள இருக்கறவள ஊட்ட இடிச்சுத் தொரத்துவீங்களா? நாளைக்கு நம்மூட்ல ஒண்ணுன்னா யாருங்க பதில் சொல்றது?"

"கோர்ட்டு உத்தரவு புள்ள, நான் என்ன பண்ண?"

"கோர்ட்டுக்குப் போனது யாரு, நானா? போகத் தெரிஞ்சுதில்ல, போயிச் சொல்லுங்க."

காட்டுக்காரர் என்னைத் தனியே கூட்டிப்போனார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் ஒரு பயம் இருந்தது. "இன்னைக்கு உட்டுட்டா அப்பறம் போவாங்களாம்மா? கம்பத்தச் சாக்கு வெச்சு இருந்துக்கிட்டா எத்தன வருசம் நான் மறுபடியும் கோர்ட்டுக்கு நடக்கறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான் இல்லை.

மாராயியைக் கூப்பிட்டு அனுப்பினேன். குடத்தோடு வந்தாள். முதலில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு எங்களிடம் வந்தாள். உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த வழக்கு நடந்த அத்தனை காலமும் அவள் அவர் பட்டறையில்தான் தறி ஓட்டினாள். தினமும் பார்த்துக்கொண்டார்கள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாவற்றையும் வக்கீலும் நோட்டீசும் நானுமே பேசிக்கொண்டிருந்தோம். உட்கார்ந்து பேசினேன் என்று மேலே பெருமை அடித்தேனே, அது பாதிப் பேச்சுதான்.

"மாராயி, கம்பம் புடுங்குனா போயிருவியா?" என்றார் காட்டுக்காரர்.

"இங்க நின்னு சொல்றனுங்க. புடுங்குன மறுநா ஒரு ஊட்லயும் ஆள் இருக்காது. ஆனா நீங்களும் சொல்லோணுங்க."

"நான் என்ன சொல்லோணும்?"

"அதுவரைக்கும் மெஷினு வராதுன்னு சொல்லுங்க. அறுத்துப்போட்ட கரண்ட்டத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க. போற அன்னைக்கு உங்க லாரியும் வரோணும். கவர்மெண்டு லாரிக்காரன் பீரோவ நசுக்கிப்போடுவான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "லாரி வேறயா உனக்கு?"

"பின்ன? பதினஞ்சு வருசமா உங்க தறிய ஓட்டுனது நானுங்க, அந்த லாரில பாதி என்னுது" என்றாள்.

காட்டுக்காரர் கம்பத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அங்கேயே நின்று தன் வக்கீலிடம் கைபேசியில் பேசினார். அவகாசம் கொடுப்பதில் மனுதாரருக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லச் சொன்னார். நான் அரசு வழக்கறிஞரைப் பிடித்தேன். கேட்டவரே ஒத்துக்கொண்டபோது நீதிமன்றம் மறுக்கவில்லை, புது நாள் கொடுத்தது.

மின்வாரியத்தில் மட்டும் நான் என் குணத்தைக் காட்ட வேண்டி வந்தது. துண்டித்ததை மறுபடி கொடுக்க விதியில் இடமில்லை என்றார்கள். ஆள் உள்ளே இருக்கிறாரா என்று பார்க்காமல் துண்டிக்க மட்டும் விதியில் இடம் இருந்ததா என்று கேட்டேன். இன்னும் சிலதும் கேட்டேன். பொழுது சாய்வதற்குள் லைன்மேன் கம்பத்தில் ஏறினார். இது மின்கம்பம்.

கோட்டாட்சியர் எனக்கு மெமோ கொடுத்தார். முன் அனுமதி இல்லாமல் பணியை நிறுத்தியது ஏன் என்று கேட்டிருந்தார். நான் எழுதிய பதிலை இங்கே போட முடியாது, அச்சில் ஏறாது. அவரும் பிறகு அதை மேலே கொண்டுபோகவில்லை. அதற்காக அவருக்கும் ஒரு நன்றி, அரை மனதோடு.

கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்ட மறுநாள் போனேன். போலீஸ் வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. மூட்டைகள் வாசலில் கட்டி வைக்கப்பட்டிருந்தன. காட்டுக்காரரின் லாரி வந்திருந்தது. அவர் மனைவி எல்லோருக்கும் சாப்பாடு கட்டி அனுப்பியிருந்தார். அழுதார்கள். அழாமல் யார் வீட்டை விட்டுப் போவார்கள்? ஆனால் யாரையும் யாரும் இழுக்கவில்லை. பொக்லைன் ஓட்டியவரிடம், உள்ளே ஆள் இருக்கிறாரா என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அவர் அப்படியே செய்தார்.

இதோடு எல்லாம் சுபம் என்று எழுதினால் நான் பொய் சொன்னவள் ஆவேன். அந்த அடுக்குமாடியில் தண்ணீர் தினமும் வரவில்லை. ஜலகண்டாபுரம் பட்டறைகளுக்குப் போய்வர நேரத்துக்குப் பேருந்து இல்லை. சில பேர் தறிக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு அறை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்கள். வீடு கொடுத்துவிட்டோம் என்று நம் ஆட்கள் படம் பிடித்துப் போட்டுக்கொண்டார்கள். வேலைக்குப் போக முடியாத இடத்தில் கொடுத்துவிட்டு என்ன படம்? அந்தப் பேருந்துக்காக நான் ஓய்வு பெறும் வரை சண்டை போட்டேன். காலையில் ஒன்று விட்டார்கள். மாலைக்கு ஒன்று நீங்கள் வாங்கிக் கொடுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் மாராயியைப் பார்க்கப் போனேன். மாடி ஏற மூச்சு வாங்கியது. ஒற்றை அறை, நாற்காலி கிடையாது. சுவர் ஓரமாக இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, மேலே ஒரு பழைய மரக்கதவைப் படுக்க வைத்திருந்தாள். தாழ்ப்பாளும் வளையமும் அப்படியே இருந்தன. இடிப்பதற்கு முன்னால் பொக்லைன்காரரை நிறுத்திவைத்து அவளே கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த கதவாம். இங்கே வாசலுக்கு வேறு கதவு இருப்பதால் இதை மாட்ட இடமில்லை.

சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தாள்.

"உக்காருங்க சாமி" என்றாள். "எங்கூட்டுக் கதவுதான், தாங்கும்."